நாலு அதிரசத்துக்குப் போன போல்ட்

புதிதாகப் பொறுப்பேற்கும் உங்கள் இருவருக்கும்,

ஓய்வு பெறுகிறவர் தன் அனுபவத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று முதல்வர் அம்மா சொல்லிவிட்டார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. நான் ஓய்வு பெறுவது கல்லூரி மாணவியர் படைப் பொறுப்பிலிருந்து மட்டும்தான். வரலாற்று வகுப்பை விடவில்லை. நீங்கள் நினைத்தாலும் என்னிடமிருந்து தப்ப முடியாது. இரண்டாவது பிள்ளை மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அது அவன் உபயம்.

காக்கிப் புடவையை எப்படிக் கட்டுவது, எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். மூத்தவளுக்கு அப்போது பதினோரு மாதம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. நான் பயந்தவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடுகிற ஜாதி. ஒருமுறை மலையேற்றம் முடிந்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மாணவிகளை எண்ணினேன். இருபத்து நாலு பேர் இருக்க வேண்டும், இருபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினேன், இருபத்தைந்து. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைக்கிறார். கடைசியில் எங்கள் ஹவில்தார்தான் ரகசியமாகக் கேட்டார்: “மேடம், உங்களையும் சேத்து எண்ணுறீங்களோ?”

ஹவில்தார் என்றால் ராணுவத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பப்பட்டவர். எரியோட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். அன்றைய பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு, நான் எதையாவது இரண்டாம் தடவை சரிபார்க்க ஆரம்பித்தால் போதும், தூரத்தில் நின்றபடியே கேட்பார்: “மேடம், வீட்டுல அடுப்பை அணைச்சிட்டீங்களா?” மாணவிகள் கொல்லென்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, உண்மையிலேயே அணைத்தேனா என்று யோசிப்பேன்.

எங்கள் துப்பாக்கி அறையில் பன்னிரண்டு ரைஃபிள்கள் இருந்தன. இப்போதும் அவையேதான். ஊரில் எல்லோரும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்பார்கள். வரலாற்றுக்காரி என்பதால் எனக்கு அவற்றின் மேல் ஒரு பிரியம். முதல் வகுப்பில் ஒரு ரைஃபிளை மேஜை மேல் வைத்து அதன் சரித்திரத்தையே பாடமாக நடத்துவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட வடிவம் இது. பிறகு குட்டையாக்கி, திருத்தி, முதல் உலகப் போருக்கு முன்பே வங்காளத்துத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஆட்கள் இதைத் தோளில் போட்டுக்கொண்டு பிரான்சின் சேற்றிலும் பாக்தாத் பக்கத்து மணலிலும் நடந்தார்கள். இரண்டாம் போரில் பர்மாக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுதந்திரம் வந்தபோது கொடி மாறியது, ரைஃபிள் மாறவில்லை. சீனப் போரில் பனிமலை மேல் நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்ததும் இதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ள வேண்டும். அதன்பின் தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் புது ரைஃபிள் ராணுவத்துக்கு வந்தது. பழையவை போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கும் நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தன.

“அப்ப இதை வச்சு யாரையாவது கொன்னிருப்பாங்களா மிஸ்?” என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி கேட்பாள். தெரியாது என்பதுதான் என் பதில். ரைஃபிள் மேல் செய்த இடமும் வருஷமும் நம்பரும் இருக்கும். அது என்ன செய்தது என்று எங்கேயும் எழுதியிருக்காது. அதுவும் பாடம்தான் என்று விட்டுவிடுவேன்.

இவ்வளவு சொன்ன நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். போல்ட் என்பது கைப்பிடி வைத்த ஓர் இரும்புத் துண்டு. ரைஃபிளிலிருந்து தனியே உருவி எடுத்துவிடலாம். சுடும்போது குண்டுக்குப் பின்னால் கதவுபோல் அடைத்து நிற்பது அதுதான். தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய ரைஃபிளோடு பொருத்திப் பார்த்து, ராவி, இரண்டிலும் ஒரே நம்பரை அடித்து அனுப்புவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். எந்த ரைஃபிளில் போட்டாலும் உள்ளே போகும், அடையும். ஆனால் ஒரு மயிரிழை தளர்ச்சி இருந்தாலும், சுடும்போது தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து, நெருப்புக் காற்று சுடுகிறவர் முகத்துக்கே திரும்பலாம். இது எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிரான்சையும் பர்மாவையும் சொன்ன ஆர்வத்தில் நான் இதை மாணவிகளுக்குச் சொல்லவில்லை.

சொல்லாதது போதாதென்று இன்னொரு காரியமும் செய்தேன். ரைஃபிள் துடைக்கும் நாளில் யாருடைய போல்ட் அதிகம் பளபளக்கிறதோ அவளுக்கு ஒரு பேனா பரிசு என்று அறிவித்தேன். எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா! பன்னிரண்டு போல்ட்டும் கல்யாண வீட்டு வெள்ளித் தம்ளர் மாதிரி மின்னின. தினமும் அறையைப் பூட்டுமுன் எண்ணுவேன். பன்னிரண்டு ரைஃபிள், பன்னிரண்டு போல்ட். சந்தேகத்துக்கு மறுபடி எண்ணுவேன். எப்போதும் சரியாக இருக்கும்.

அந்த வருஷம்தான் எங்கள் மாணவிகள் த்ரீ நாட் த்ரீயால் சுடலாம் என்று முதன்முதலாக அனுமதி வந்தது. அதுவரை எங்களுக்குச் சின்ன ரைஃபிள்தான். பெரியதை வைத்துக்கொண்டு அணிவகுப்பு மட்டும் செய்யலாம். அனுமதி சும்மா வரவில்லை. இரண்டு வருஷம் நான் கடிதம் எழுதினேன். “பொம்பளைப் பிள்ளைங்க தோள்பட்டை தாங்குமா?” என்று கேட்ட பெரியவர்கள் பலர். சிறுமலை அடிவாரத்துச் சுடுதளத்தில், பிப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆண்கள் கல்லூரி, ஒன்பது மணிக்கு நாங்கள். மதுரையிலிருந்து கர்னல் நேரில் வருகிறார். ரைஃபிள் நம்பர், போல்ட் நம்பர் எழுதி, ‘இவை சுடத் தகுந்தவை’ என்று நான் கையெழுத்திட்ட சான்றிதழை அவரிடம் கொடுக்க வேண்டும்.

முந்தின நாள் சனிக்கிழமை. பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பதிவேட்டைப் பார்த்து நம்பர்களைச் சான்றிதழில் எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடப் போகும்போது வழக்கமான சந்தேகம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஏழு என்பதை ஒன்று என்று எழுதியிருந்தால்? பதிவேட்டை மறுபடி பார்ப்பதைவிட இரும்பையே பார்த்துவிடலாம் என்று ரைஃபிள் அருகில் போனேன்.

“மேடம், அடுப்பு?” என்றார் ஹவில்தார், சணல் சாக்கில் இலக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டே.

முதல் ரைஃபிளின் போல்ட்டில் வேறு நம்பர் இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவது சரி. நான்காவது வேறு. மிச்சத்தையும் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்றே மூன்று ரைஃபிள்களில்தான் அவற்றின் சொந்தப் போல்ட் இருந்தது.

ஹவில்தார் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து, எல்லாப் போல்ட்டுகளையும் உருவி, நம்பர் பார்த்துச் சேர்த்தோம். பதினொன்று சேர்ந்துவிட்டன. ஏழாம் ரைஃபிளுக்கு மட்டும் அதன் போல்ட் இல்லை. கையில் மிஞ்சியிருந்த போல்ட்டின் நம்பர் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை. நன்றாகப் பளபளத்தது.

மாதக்கணக்காக நான் எண்ணிக்கொண்டிருந்தேன் அல்லவா, எண்ணிக்கை அன்றும் சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு.

ஏழாம் ரைஃபிளைத் துடைக்கும் பொறுப்பு பாக்கியத்துடையது. நாகல் நகரில் பூட்டுச் செய்கிறவரின் மகள், இரண்டாம் ஆண்டு. பேனாப் பரிசை மூன்று தடவை வாங்கியவள். ஆள் அனுப்பி வரவழைத்தேன். போல்ட்டைக் காட்டியதுமே அவள் முகம் மாறிவிட்டது.

“நம்ம போல்ட் எம்புட்டுத் தேச்சாலும் கருப்பாவே இருந்துச்சு மிஸ். அதான்… குடியரசு தின ஒத்திகை அன்னைக்கு அந்த ஒட்டன்சத்திரத்துக் காலேஜ்ப் பையன்கிட்ட மாத்திக்கிட்டேன்.”

“மாத்திக்கிட்டியா? அவன் எப்படிக் குடுத்தான்?”

“நாலு அதிரசம் குடுத்தேன் மிஸ்.”

ஹவில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார். “அடிப் பாவி மக்கா. சண்டைக்குப் போயிட்டு வந்த சாமான நாலு அதிரசத்துக்கு வித்துட்டியா?”

“எல்லாரும் உள்ளுக்குள்ள மாத்திக்கிறாங்க மிஸ். பளபளன்னு இருக்கிறத யார் முதல்ல எடுக்கிறாங்களோ அவங்களுக்கு. நான் வெளிய போய் மாத்துனேன், அம்புட்டுத்தான்.” சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “அது ஒண்ணுபோலத்தானே மிஸ் இருக்கு?”

நான் அவளுக்கு அவள் பாஷையிலேயே சொன்னேன். உங்க அப்பா ஒரே அச்சில் பத்துப் பூட்டு செய்கிறார், ஒரு பூட்டின் சாவியை இன்னொன்றுக்குப் போட்டால்? அவள் பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஒரு வாக்கியத்தை ஜூலை மாதத்து முதல் வகுப்பில் சொல்லியிருந்தால் எனக்கு அந்தச் சனிக்கிழமையே வந்திருக்காது.

ஒத்திகை நாளில் நான் எங்கே இருந்தேன்? அதையும் எழுதிவிடுகிறேன். அணிவகுப்பு முடிந்து இரண்டு கல்லூரியும் வேப்பமரத்தடியில் ரைஃபிள் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து என் அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். பிள்ளை பசியில் அலறியது. செத்த நேரம்தானே என்று மேடைக்குப் பின்னால் போய்ப் பால் கொடுத்தேன். ஹவில்தார் அந்த நேரம் லாரிக்காகச் சாலையில் நின்றார். ஆயுதங்கள் வெளியே இருக்கும்போது அதிகாரி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நான் நகர்ந்தேன். அதற்குள் அதிரச வியாபாரம் நடந்துவிட்டது.

நீங்கள் இருவரும் இன்றோ நாளையோ தாயாவீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனது தவறென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு, “நான் வரும்வரை இது உங்கள் பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்லாமல் போனதுதான் தவறு. போக வேண்டியிருந்தால் போங்கள். சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

பாக்கியத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஹவில்தார் கதவைச் சாத்தினார்.

“மேடம், ஒரு வழி சொல்றேன். ஏழாம் நம்பரை நாளைக்கு யார் கையிலயும் குடுக்க மாட்டேன். ஓரமா வச்சிருவேன். நீங்க பன்னெண்டுக்கும் கையெழுத்துப் போட்டுருங்க. சுட்டு முடிச்சதும் நானே ஒட்டன்சத்திரம் போய்ச் சத்தமில்லாம மாத்திக்கிட்டு வந்துர்றேன்.”

“கையெழுத்துப் போடலைன்னா?”

“போல்ட் காணோம்னு எழுதணும். எழுதுனா விசாரணை. நாளைக்குச் சுடுறது கேன்சல். இனிமே பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பெரிய ரைஃபிள் எதுக்குன்னு ஒருத்தர் கேப்பார். அம்புட்டுத்தான், இந்த ஜென்மத்துல கிடைக்காது.”

அவர் கெட்டவர் இல்லை. என் இரண்டு வருஷக் கடிதங்களையும் தட்டச்சுக்கு எடுத்துப் போனவர் அவர்தான். அவர் சொன்ன வழியில் எந்த மாணவிக்கும் ஆபத்து இல்லை. எனக்கும் விசாரணை இல்லை. பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதை உங்களிடம் ஒளிக்க மாட்டேன்.

திறந்த பேனாவோடு யோசித்தேன். நான் வழக்கம்போலப் பயப்படுகிறேனா? இதுவும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டா? பயந்தவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். எல்லாவற்றுக்கும் மனசு மணியடிப்பதால், எந்த மணி உண்மையானது என்று நமக்கே தெரிவதில்லை. அன்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். ‘எனக்கு என்ன ஆகும்’ என்பதை ஒதுக்கிவிட்டு, ‘அடுத்து யார் அந்தச் சாமானைத் தொடப் போகிறார்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

ஏழாம் நம்பரை யாரும் தொடப் போவதில்லை. ஹவில்தார் ஓரமாக வைத்துவிடுவார். ஆனால் எங்கள் கருத்த போல்ட்? அது ஒட்டன்சத்திரம் பக்கம் ஏதோ ஒரு ரைஃபிளில் இருக்கிறது. அவர்கள் ஏழு மணிக்கே சுடுகிறார்கள். அங்கே யார் ஓரமாக வைப்பார்கள்?

“ஹவில்தார், அந்தப் பையன் நாளைக்கு நம்ம போல்ட்டை வச்சுத்தான் சுடுவான்” என்றேன்.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆபீசிலிருந்து அந்தக் கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டோம். சனிக்கிழமை மதியம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதுரைக்குப் போட்டால், கர்னல் வெளியூரில் இருக்கிறார், நேராகச் சுடுதளத்துக்கு வந்துவிடுவார் என்றார்கள். பஸ் பிடித்துப் போய்விட வேண்டியதுதான். ஆனால் போவதற்கு முன், நடந்தது முழுவதையும், நான் பால் கொடுக்கப் போனது உட்பட, ஒன்றரைப் பக்கத்தில் கர்னலுக்குக் கடிதமாக எழுதி முதல்வர் அம்மாவிடம் கொடுத்தேன். முதலில் கடிதம், பிறகு பயணம். மாற்றிச் செய்தால், போல்ட் கிடைத்த பிறகு கடிதம் எழுத எனக்குத் தைரியம் இருந்திருக்காது. என்னை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். “ராத்திரிக்குள்ள வந்தாப் போதும், பிள்ளைய நான் பாத்துக்கிறேன்னு சொல்லு” என்று அத்தை சொல்லியனுப்பினார். அந்த வாக்கியத்துக்கு நான் ஒரு பேனாப் பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பழனி பஸ்ஸில் ஹவில்தார், நான், “நானும் வாரேன் மிஸ், அந்தப் பையன் மூஞ்சி எனக்குத்தான் தெரியும்” என்று அடம்பிடித்து ஏறிய பாக்கியம். போல்ட்டைத் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு ஹவில்தார் மடியில் வைத்திருந்தார். கண்டக்டர் பையை ஒரு தட்டு தட்டினார்.

“என்ன சார், பம்புசெட்டு சாமானா?”

“ஆமாப்பா.”

“ரிப்பேரா?”

“மாத்திப் போட்டுட்டாங்க” என்றார் ஹவில்தார். பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவ்வளவு பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கல்லூரியின் படை அதிகாரி தாவரவியல் விரிவுரையாளர். கல்லூரிக்கு எதிரிலேயே வீடு. வேட்டியோடு வெளியே வந்தவர் என் காக்கிப் புடவையைப் பார்த்துப் பதறிவிட்டார். “ஏனுங்க மேடம், ஏதாச்சும் விபத்துங்களா?”

“இன்னும் இல்லை சார்” என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் சாவியை எடுத்துக்கொண்டு வேட்டியோடேயே ஓடினார். துப்பாக்கி அறையில் ஐந்தாவது ரைஃபிளில் எங்கள் போல்ட் இருந்தது. எண்ணெய் போட்டும் கருப்பாகவே. நம்பரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. பிள்ளை காணாமல் போய்க் கிடைத்தவள் மாதிரி அதைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

“இதுக்குத்தானுங்க அந்தப் பையனை ரெண்டு வாரமா மைதானத்தைச் சுத்தி ஓட விட்டேன்” என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. “போல்ட்டு கருப்பா இருக்குதுன்னு.”

விடுதியிலிருந்து பையனை அழைத்து வந்தார்கள். ஒல்லியாக, உயரமாக இருந்தான். பாக்கியத்தைக் கண்டதும் பின்வாங்கினான்.

“ரெண்டு வாரம் ஓடியும் ஏண்டா சொல்லலை?” என்று அதட்டினார் அதிகாரி.

“அதிரசம் நல்லா இருந்துச்சுங்க சார்.”

இரண்டு போல்ட்டையும் அதனதன் ரைஃபிளுக்கென்று ஒப்படைத்து எழுதிக்கொண்டோம். புறப்படும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சரியாப் போச்சுங்களே மேடம். இதை நமக்குள்ளேயே வச்சுக்கலாமுங்களா?”

அந்த நிமிஷம் நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. “கடிதம் ஏற்கெனவே குடுத்துட்டேன் சார்” என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “அப்ப நானும் எழுதிடறனுங்க.”

மறுநாள் காலை சுடுதளத்தில் கர்னல் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல்வர் அம்மா கடிதத்தைக் கொடுத்தார். கர்னல் நின்றபடியே படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் சுட வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, துப்பாக்கி பழுது பார்ப்பவரை அளவுகோலோடு கூப்பிட்டார். அளவுகோல் என்பது தோட்டா மாதிரி ஓர் எஃகுத் துண்டு. அதை உள்ளே போட்டுப் போல்ட்டைத் தள்ளினால் முழுக்க அடையக் கூடாது. அடைந்தால் தளர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

“நேத்து வரைக்கும் இருந்த மாதிரியே மாத்திப் போடு, பாக்கலாம்” என்றார்.

எங்கள் ஏழாம் ரைஃபிளில் அந்தப் பளபளத்த போல்ட்டைப் போட்டுச் சோதித்தார்கள். நடுவிலேயே நின்றுவிட்டது. ஒரு கோளாறும் இல்லை. அதை வைத்துச் சுட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இதற்காகவா பஸ் ஏறி ஓடினேன்? இதற்காகவா என் கையாலேயே என் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன்?

அடுத்து அவர்களுடைய ஐந்தாம் ரைஃபிளில் எங்கள் கருத்த போல்ட்டைப் போட்டார்கள். பழுது பார்ப்பவர் ஒரு விரலால் தள்ளினார். கைப்பிடி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, கடைசி வரை அடைந்தது. எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் அடைந்தது.

“இதுல முதல்ல சுட வேண்டியது யார்?” என்றார் கர்னல்.

வரிசையிலிருந்து அந்த ஒல்லிப் பையன் கையைத் தூக்கினான். தூக்கிய கை கொஞ்ச நேரம் கீழே இறங்கவில்லை. தாவரவியல்காரர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார்.

எங்களுடையதை ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால், எந்த ஆபத்தும் இல்லாத ரைஃபிளைத்தான் நான் ஓரமாக வைத்திருப்பேன்.

கர்னல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆயுதங்களை விட்டு நகர்ந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றார். வந்தது. ஃபைலில் இருக்கிறது, நீங்களும் எடுத்துப் படிக்கலாம். “கேன்சல் பண்ணணுமா சார்?” என்று கேட்டேன். “நம்பரை நேர்ல பாத்துட்டு எழுதுன ஒரே காலேஜ் நீங்கதான். உங்களை எதுக்குக் கேன்சல் பண்ணணும்?” என்றார். எனக்கு அழுகை வந்தது; காக்கிப் புடவையில் அழக் கூடாது என்று கையேட்டில் இல்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

போல்ட்டுகள் மறுபடி சொந்த இடத்துக்கு வந்தன. எல்லா ரைஃபிள்களையும் அளவுகோல் போட்டுப் பார்த்தார்கள். பையன்கள் சுட்டு முடித்தார்கள். எங்கள் முறை வந்தது.

“ஏழாம் நம்பரை யார் எடுக்கிறது?” என்றார் ஹவில்தார்.

சுட வந்திருந்த பதினாறு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் அந்த அளவுகோலை அவர்களும்தானே பார்த்திருந்தார்கள். முறைப்படி எடுக்க வேண்டிய பாக்கியமும்தான்.

“முதல்ல நான் சுடுறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. பெரிய ரைஃபிளால் நான் ஒருநாளும் சுட்டதில்லை.

விரிப்பில் குப்புறப் படுத்தேன். தூரத்தில் சிறுமலை, அதன் அடியில் மண் மேடு, மேட்டின் முன்னால் ஒரு வெள்ளைச் சதுரம். ரைஃபிள் உடம்பில் இருந்த நம்பரைப் பார்த்தேன். போல்ட் நம்பரைப் பார்த்தேன். பிள்ளை ஞாபகம் வந்தது. மறுபடி இரண்டையும் பார்த்தேன். இன்னும் ஒரு தடவை பார்த்தேன். பின்னால் ஒரு சிரிப்பும் கேட்கவில்லை. பக்கத்தில் ஹவில்தாரின் பூட்ஸ் வந்து நின்றது. அவர் மண்டியிட்டு, தோள் வழியாக எட்டிப் பார்த்து, இரண்டு நம்பரையும் வாய்க்குள் படித்தார். பிறகு, அவரும், இன்னொரு தடவை படித்தார்.

“சரியா இருக்கு மேடம்.” கொஞ்சம் நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: “வீட்டுல அடுப்பை அணைச்சிட்டீங்களா?”

“அணைச்சாச்சு, ஹவில்தார்” என்று சொல்லிவிட்டு விசையை இழுத்தேன்.

தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. அடுத்துப் படுத்த பாக்கியம், நம்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஐந்தில் மூன்றை வெள்ளைச் சதுரத்துக்குள் போட்டாள். என் குண்டு எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. போல்ட் மட்டும் அது இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் இருந்தது.